கச்சேரி எடுக்குற கேமராமேனுக்கு சினிமாவுல இடம் உண்டா? வேலூர்ல இருந்து ஒரு கேள்வி

காட்பாடி_லென்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு காட்பாடி, எட்டு வருஷமா கேமரா தான் சோறு போடுது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி எல்லாம் எடுப்பேன், ஆனா மனசு நிக்கிறது மேடையில தான். ஆடி மாசம் அம்மன் கோயில் ஆர்கெஸ்ட்ரா, சித்ரா பௌர்ணமிக்கு வேலூர் புஷ்ப பல்லக்கு அன்னிக்கு ராத்திரி வர்ற நாதஸ்வர செட்டு, காலேஜ் கல்ச்சுரல்ஸ், இதுக்கெல்லாம் கூப்ட்டா காசு கம்மியா இருந்தாலும் போயிடுவேன்.

விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாள் முன்னாடி ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்னு ஒரு கச்சேரி படம் பாத்தேன். டாக்கிங் ஹெட்ஸ்னு ஒரு அமெரிக்க பேண்டு 1983 டிசம்பர்ல ஹாலிவுட் பேன்டேஜஸ் தியேட்டர்ல வாசிச்சத ஜோனதன் டெம்மி படமாக்கி 1984ல வந்தது, 2023ல 4கே பண்ணி திரும்ப ரிலீஸ் பண்ணாங்க. வெறும் மேடை, பாடகர் ஒண்டி ஒரு கிட்டாரும் ஒரு டேப் ரெக்கார்டரும் எடுத்துகினு வந்து நிக்கிறாரு, அப்புறம் பாட்டுக்கு ஒரு ஆளா வந்து சேர்றாங்க, கருப்பு ட்ரெஸ் போட்ட ஆளுங்க ட்ரம்ஸ் மேடைய தள்ளிகினு வர்றத கூட மறைக்கல. பாத்து முடிச்சிட்டு கேமரா யாருன்னு தேடுனா ஜோர்டன் க்ரோனென்வெத். இவரு தான் 1982ல ப்ளேடு ரன்னர் எடுத்தவரு! அந்த படத்துல புகைய வெட்டிகினு ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்த பாத்து தான் நானெல்லாம் பேக்லைட் (ஆளுக்கு பின்னாடி இருந்து அடிக்கிற வெளிச்சம்) வெக்கவே கத்துகினேன். அவரே 1988ல யூ2 பேண்டோட ராட்டில் அண்ட் ஹம் படத்துல கலர்ல வர்ற கச்சேரியையும் எடுத்திருக்காரு.

இத ஏன் சொல்றேன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில ஒரு ஆபீசுக்கு அசிஸ்டென்டா சேரலாம்னு போனேன். என் பென்டிரைவ போட்டு அரை நிமிஷம் பாத்துட்டு "இது ஈவென்ட் வீடியோப்பா, சினிமா வேற"ன்னு எடுத்து குடுத்துட்டாங்க. அதுல இருந்தது எங்க ஊரு திருவிழாவுல ரெண்டரை மணி நேரம் நின்னு எடுத்த தவில் கச்சேரி. சென்ட்ரல்ல ஏறி காட்பாடி வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசல, இப்ப டைப் பண்றப்ப கூட வலிக்குது.

கேள்வி இதான். ஒரே ஆளு கச்சேரியும் எடுத்து சினிமாவும் எடுத்து ரெண்டுலயும் பேர் வாங்குறது அங்க எப்படி நடக்குது? நமக்கு அந்த வழி கீதா இல்லையா? வயசு 29, கல்யாணம் ஆகி ஒரு பாப்பா இருக்கு. தெரிஞ்சவங்க உண்மைய சொல்லுங்க.

குடியாத்தம்_ட்ரோன்:

ப்ரோ எனக்கும் இதே கேள்வி. எங்க ஊரு கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வருஷா வருஷம் எடுக்குறேன், அந்த கூட்டத்துல எடுக்க தெரிஞ்சவனுக்கு எந்த செட்டும் பெருசு இல்லன்னு நெனைக்கிறேன். ஃபாலோ பண்றேன்.

ராணிப்பேட்டை_ஃபோகஸ்:

தம்பி, நான் ராணிப்பேட்டை தான், சென்னையில பதினோரு வருஷமா கேமரா டிபார்ட்மென்ட், இப்ப ஃபோகஸ் புல்லர், அதாவது ஷாட் ஓடுறப்ப ஃபோகஸ் மாத்துற ஆளு. உன் போஸ்ட்ட நேத்து நைட் ஷூட் முடிஞ்சு வேன்ல வர்றப்ப படிச்சேன், அப்பவே பதில் எழுதணும்னு தோணிச்சு.

உண்மைய கேட்ட, சொல்றேன். க்ரோனென்வெத் கச்சேரியில இருந்து சினிமாவுக்கு போனவரு இல்ல. அவரு சினிமாவுலயே வளர்ந்தவரு, கான்ராட் ஹால்னு பெரிய ஒளிப்பதிவாளர் கிட்ட கேமரா ஆபரேட்டரா இருந்து மேல வந்தவரு. ப்ளேடு ரன்னருக்கு பிரிட்டிஷ் அகாடமி விருது வாங்கிட்டு அதுக்கப்புறம் தான் டாக்கிங் ஹெட்ஸ் மேடைக்கு போறாரு. 1986ல பெக்கி சூ காட் மேரீட் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன், அப்புறம் திரும்ப யூ2. அதாவது அவருக்கு ரெண்டும் ஒரே வேலை. பெரிய படம் பண்ணிட்டோமே இனிமே கச்சேரிக்கு போறதான்னு அவரு நெனைக்கல, கூப்ட்டவங்களும் இவரு கத படத்துக்காரர் ஆச்சேன்னு தள்ளி வெக்கல. நம்ம ஊர்ல தான் நடுவுல சுவரு கட்டி வெச்சிருக்கோம், அந்த சுவருல தான் உன் பென்டிரைவ் மோதிச்சு. உன் வேலை மேல குத்தம் இல்ல தம்பி.

அந்த படத்தோட லைட்டிங்க மறுபடி பாரு, இந்த தடவ சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பாரு. அந்த பாடகர் டேவிட் பைர்ன் கலர் லைட்டே வேணாம், வெள்ள வெளிச்சம் தான்னு வெச்சிருந்தாரு. நம்ம ஆர்கெஸ்ட்ரா மேடையில சிவப்பும் நீலமும் பச்சையும் சுத்தி சுத்தி அடிச்சு பாடுறவர் மூஞ்சி கத்திரிக்கா கலர்ல வரும்ல, அதுக்கு நேர் எதிர். ஒரு பாட்டுல வெளிச்சம் கீழ இருந்து மேல அடிக்குது, நெழலு பின்னாடி ஆள விட பெருசா எழும்புது. இன்னொரு பாட்டுல வீட்டு ஹால்ல வெக்கிற மாதிரி ஒரு ஸ்டாண்ட் லேம்ப், அவ்ளோ தான், அவரு அதோடவே ஆடுறாரு. ஷாட்ட அவசரப்பட்டு வெட்டாம நிதானமா விட்டிருப்பாங்க, ஜனங்கள கடைசி வரைக்கும் அதிகமா காட்டவே மாட்டாங்க. வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு ஒரு காரணம் வேணும்னு நெனைக்கிற ஆளு எடுத்தது இது. ப்ளேடு ரன்னர்ல ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்துக்கும் இதே கணக்கு தான்.

இன்னொன்னு சொல்றேன். தி லாஸ்ட் வால்ட்ஸ், 1978ல வந்தது. தி பேண்ட்ங்கற குழுவோட கடைசி கச்சேரி, 1976 நவம்பர் 25, சான் ஃபிரான்சிஸ்கோ வின்டர்லேண்ட். மார்ட்டின் ஸ்கார்செஸி டைரக்ஷன், ஒளிப்பதிவு மைக்கேல் சாப்மன், இவரு எடுத்த டாக்ஸி டிரைவர் 1976ல தான் வந்திருந்தது, 1980ல ரேஜிங் புல் எடுத்ததும் இவரு தான். கச்சேரிய 35 எம்எம்ல எடுத்தாங்க, ஆபரேட்டரா நின்னவங்க யாருன்னு பாரு, லாஸ்லோ கோவாக்ஸ், வில்மோஸ் ஸிக்மண்ட், ரெண்டு பேரும் தனித்தனியா பெரிய ஒளிப்பதிவாளருங்க. கோவாக்ஸ் 1969ல ஈஸி ரைடர் எடுத்தவரு, ஸிக்மண்ட் க்ளோஸ் என்கவுன்டர்ஸ்க்கு ஆஸ்கர் வாங்குனவரு. அவங்க இன்னொருத்தர் கீழ ஒரு கேமராவ புடிச்சிகினு நிக்கிறாங்க, எதுக்கு, அன்னிக்கு ராத்திரி திரும்ப வராதுங்கறதுக்காக.

அங்க நடந்தது ஒண்ணு எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் சொல்லுவாங்க. 35 எம்எம்ல 1000 அடி ஃபிலிம் ரோல் ஓடுறது 11 நிமிஷம் தான், அதனால எந்த பாட்டுக்கு யாரு ஓட்டணும், எப்ப ரோல் மாத்தணும்னு பாட்டு பாட்டா முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்க. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாட வர்றப்ப கேமராங்க ரோல் மாத்த நின்ன நேரம். கோவாக்ஸ் மட்டும் காதுல இருந்த ஹெட்செட்ட ஏற்கனவே கழட்டி வெச்சிட்டாரு, அதனால நிறுத்த சொன்னது அவருக்கு கேக்கல, அவரு பாட்டுக்கு ஓட்டிகினே இருந்தாரு. இன்னிக்கு நாம பாக்குற அந்த பாட்டு முழுக்க அவரோட ஒத்த கேமரா புடிச்சது தான். மேடைய பாத்துகினு இருந்த ஆளு கிட்ட பாட்டு தங்கிச்சு.

காட்பாடி_லென்ஸ்:

அண்ணா, படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு, ரொம்ப நன்றி. அந்த 11 நிமிஷம் கத எனக்கே நடந்திருக்கு அண்ணா. என் கிட்ட மூணு டிஎஸ்எல்ஆர், மூணும் 29 நிமிஷம் 59 செகண்ட்ல தானா நின்னுடும். பழக்கத்துல மூணையும் ஒண்ணா ஆன் பண்ணுவேன், அப்ப மூணும் ஒண்ணாவே நிக்கும், திரும்ப ஆன் பண்ற அந்த சில செகண்ட் போனா போகுதுன்னு இருந்தேன். போன வருஷம் ஒரு கோயில்ல ரெண்டு தவில்காரங்க மாத்தி மாத்தி தனி வாசிக்கிறாங்க, பெரியவரு கடைசி தீர்மானத்துக்கு, அதான் தனிய முடிக்கிற தாளக்கட்டுக்கு, போறாரு, மூணு கேமராவும் ஒரே நேரத்துல செத்துடுச்சு. ஆன் பண்றதுக்குள்ள கைதட்டல் தான் பதிஞ்சது. அந்த பெரியவரு அடுத்த தை மாசம் தவறிட்டாரு. அவரு பையன் வந்து "அப்பா கடைசியா வாசிச்சது உங்க கிட்ட இருக்குமா அண்ணே"ன்னு கேட்டாரு, இருக்குற வரைக்கும் குடுத்தேன். கேமராவ ஒண்ணா ஆன் பண்ணது நான் தான், அது என் தப்பு. அதுல இருந்து தான் இத சாதாரண வேலையா எடுத்துக்க முடியல.

எடிட்டேபிள்_சத்துவாச்சாரி:

நான் சத்துவாச்சாரி பொண்ணு, சாலிகிராமத்துல எடிட்டிங்ல இருக்கேன். தம்பி, தவில்காரர் பையன் கேட்டது மனச என்னமோ பண்ணுது.

கேமராக்காரங்கள பத்தியே பேசிட்டீங்க, நான் எங்க ஆளு ஒருத்தர பத்தி சொல்றேன். தெல்மா ஸ்கூன்மேக்கர். 1969 ஆகஸ்ட்ல நியூயார்க் மாகாணத்துல ஒரு பால் பண்ணை நெலத்துல நடந்த வுட்ஸ்டாக் கச்சேரிய மைக்கேல் வாட்லி எடுத்தாரு, அத எடிட் பண்ணவங்கள்ல முக்கியமானவங்க இவங்க. ஸ்கார்செஸியும் அதுல அசிஸ்டென்ட் டைரக்டர், எடிட்டிங்லயும் இருந்தாரு. எக்கச்சக்க கேமரா, எக்கச்சக்க ஃபுட்டேஜ், திரைய ரெண்டா மூணா பிரிச்சு ஒரே நேரத்துல பல ஷாட்ட ஓட விட்டாங்க. 1970ல படம் வந்தது, நல்ல டாக்குமென்டரின்னு ஆஸ்கர் கிடைச்சது, இவங்களுக்கு எடிட்டிங்ல நாமினேஷன். அவ்ளோ பேர் வாங்குனப்புறமும் யூனியன் கார்டு இல்லாததால பல வருஷம் பெரிய படம் எடிட் பண்ண முடியல! 1980ல ரேஜிங் புல்லுக்கு தான் உள்ள வந்தாங்க, அதுக்கு ஆஸ்கர், அப்புறம் தி ஏவியேட்டர், தி டிபார்ட்டட்னு இன்னும் ரெண்டு. ரேஜிங் புல்ல பாருங்க, குத்துச்சண்ட சீன்ல ஷாட்டு மாறுற கட்டு எல்லாம் தாளம் மாதிரி விழும். கச்சேரி எடிட் பண்ண கை அதுன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணும்.

அதனால தம்பி, கார்டு, சிபாரிசு, "நீ எந்த யூனிட்டு"ன்னு கேக்குறது எல்லாம் இங்க மட்டும் இல்ல. ஆனா அந்த பத்து வருஷம் அவங்க சும்மா இல்ல, டாக்குமென்டரி எடிட் பண்ணிட்டே இருந்தாங்க. அத மட்டும் புடிச்சிக்கோங்க.

எடிட் டேபிள்ல இருந்து ஒண்ணு கேக்குறேன், கேமராக்காரங்க தயவு செஞ்சு கேளுங்க. வாசிக்கிறவர் கைய மட்டும் எடுத்துட்டு வராதீங்க. தவில்காரர் கை மேல போறதுக்கு முன்னாடி நாதஸ்வரக்காரர ஒரு பார்வ பாப்பாரு, "நான் எடுத்துக்கறேன்"னு. நாதஸ்வரக்காரர் சீவாளிய (ஊதுற முனைய) வாயில இருந்து எடுத்துட்டு லேசா தலையாட்டுவாரு. அந்த பார்வையும் தலையாட்டலும் இருந்தா தான் எனக்கு கட்டு கிடைக்கும், அது இல்லாம வெறும் கை கை கைன்னு வந்தா எத வெட்டி எதோட சேக்குறது. வாசிக்கிறவர எடுத்தா அது பதிவு. வாசிக்கப் போறவரையும் கேக்குறவரையும் எடுத்தா தான் அது சீன்.

ஆற்காடு_மத்தளம்:

நான் கேமரா ஆளு இல்ல நைனா, தெருக்கூத்து ஆடற குடும்பம். என் பையன் இந்த பக்கத்த காட்னான், அதான் எழுதறேன், தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. நம்ம ஜில்லாவுல கூத்து எடுக்க வர்ற பசங்க கிட்ட ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தது. வர்றீங்க, ஜனங்களுக்கு முன்னாடி ஸ்டாண்டு போடறீங்க, பெரிய எல்இடி லைட்ட நேரா மூஞ்சில அடிக்கிறீங்க, பன்னண்டு மணிக்கு மூட்டைய கட்டிகினு பூடறீங்க. கூத்து பத்து மணிக்கு தொடங்கி விடிய விடிய ஆடறது, உசுரே ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தான் கீது.

வேஷம் உள்ள வர்றது எப்டி தெரியுமா, ரெண்டு பேரு திரைய புடிச்சிகினு நிப்பாங்க, உள்ள இருந்து திரை விருத்தம் பாடுவாரு, வெளிய காலு ஒண்டி தெரியும், சலங்க கட்ன காலு. மத்தளம் கேக்கும், முகவீண கேக்கும், ஆளு தெரிய மாட்டாரு. கட்டியங்காரன், அதான் கூத்துல வர்ற கோமாளி, வெளிய நின்னு பேச்சு குடுப்பான். கொஞ்ச கொஞ்சமா கிரீடம் மேல தெரியும், அப்புறம் தான் திரைய வுடுவாங்க. எங்கப்பா துரியோதனன் கட்டுவாரு, திரைக்குள்ள நிக்கறப்ப அவரு காலு நடுங்கும், அது பயம் இல்ல, சாமி வர்ற மாதிரி. அந்த காலு நடுங்கறத ஒருத்தனும் இதுவரைக்கும் எடுக்கல. திரை எறங்குனப்புறம் தான் எல்லாரும் பட்டன அமுக்கறாங்க.

வேஷம் போடற எடத்துக்கும் வாங்க. கட்டைய, அந்த மர நகைய, எடுத்து தோள்ல கட்றப்ப, அரிதாரம் பூசறப்ப யாரும் பேச மாட்டாங்க, அமைதியா இருப்பாங்க. அங்க ஒரு குண்டு பல்பு போதும், அந்த தம்பி சொன்ன படத்துல கீழ இருந்து வெளிச்சம் வர்றதுன்னு சொன்னாரே, எங்க தாத்தா காலத்துல தீப்பந்தம் வெச்சி ஆடறப்ப அப்டி தான் இருந்திருக்கும். அர்ஜுனன் தபசு அன்னிக்கு கம்பத்து மேல ஏறி நின்னு விபூதியும் எலுமிச்சம்பழமும் போடறப்ப கீழ பொம்பளைங்க முந்தானைய ஏந்திகினு நிப்பாங்க. மேல இருக்கறவர எல்லாரும் எடுக்கறாங்க. முந்தானைய யாரு எடுத்தாங்க?

ராணிப்பேட்டை_ஃபோகஸ்:

ஐயா, நீங்க சொன்ன அந்த காலு ஷாட்ட நான் எந்த படத்துலயும் பாத்ததில்ல. நீங்க எழுதுனதுக்கு கோடி நன்றி.

தம்பி, இப்ப உன் ரெண்டாவது கேள்வி. முதல்ல கேமராங்கள ஒண்ணா ஆன் பண்ணாத. ஒண்ண ஆன் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டாவது, இருபதாவது நிமிஷம் மூணாவது. அப்ப எது நின்னாலும் மத்த ரெண்டு ஓடிகினு இருக்கும். அடுத்தது நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல ஷட்டர் 1/50 செகண்ட் வெச்சா டியூப்லைட்டு ஹாலோஜன் எதுவும் துடிக்காது, அறுபதுல வெச்சிட்டு அப்புறம் வரி வரியா ஓடுதுன்னு அழாத. மிக்ஸர்ல இருந்து ஆடியோ எடுக்கறப்ப அதுல வர்ற பெரிய சிக்னல (லைன் லெவல்) சின்ன சிக்னலுக்கான மைக் இன்புட்ல சொருகிடாத, பூரா கிழிஞ்சி வரும், அப்புறம் எந்த எடிட்டராலயும் காப்பாத்த முடியாது. அது தனியா போகட்டும், கேமராவோட மைக்கும் ஓடட்டும், சேக்கறதுக்கு அது தான் வழி.

வேலை விஷயம். ரெண்டரை மணி நேர தவில் கச்சேரிய யாரும் பாக்க மாட்டாங்க தம்பி, ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு அரை நிமிஷம் தான் இருக்கும், அந்த அரை நிமிஷத்துல என்ன தெரியணுமோ அத முன்னாடி வை. நாலு நிமிஷ படம் ஒண்ணு பண்ணு. ஐயா சொன்ன கூத்த எடு, வேஷம் போடற எடத்துல ஆரம்பிச்சு திரை எறங்கற வரைக்கும், அதோட நிறுத்து. அத "ஈவென்ட் வீடியோ"ன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. தரமணி எம்ஜிஆர் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்ல ஒளிப்பதிவு படிப்பு இருக்கு, ஆனா பாப்பா இருக்குன்னு சொன்ன, எல்லாத்தையும் விட்டுட்டு படிக்க போறது உன் வீட்டு நெலமைய பாத்து நீயும் உன் வீட்டம்மாவும் முடிவு பண்ண வேண்டியது. அசிஸ்டென்டா வந்தா முதல் ரெண்டு வருஷம் பேட்டாவுல தான் ஓடும், லென்ஸ் பெட்டி தூக்கணும், பேட்டரி சார்ஜ் போடணும், நான் மூணு வருஷம் அது தான் செஞ்சேன். க்ரோனென்வெத்தோட பையன் ஜெஃப், ஃபைட் கிளப்பும் சோஷியல் நெட்வொர்க்கும் எடுத்தவரு, அவரே அப்பா கிட்ட அசிஸ்டென்டா கேமராவுக்கு ஃபிலிம் லோடு பண்ணிகினு இருந்து தான் வந்தாரு. முகூர்த்த சீசன்ல ஊர்ல கல்யாணம் எடு, ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இருக்காதுல்ல, அப்ப இங்க வந்து பழகு. எங்க யூனிட்ல ஆள் தேவைப்பட்டா நான் சொல்றேன், வாக்கு குடுக்க முடியாது, ஆனா கேட்டு பாக்குறேன்.

எடிட்டேபிள்_சத்துவாச்சாரி:

அந்த நாலு நிமிஷத்த நான் எடிட் பண்ணி தரேன் தம்பி. காசெல்லாம் வேணாம். பார்வைய மட்டும் எடுத்துட்டு வாங்க.

காட்பாடி_லென்ஸ்:

அக்கா, அண்ணா, ஐயா, என்ன சொல்றதுன்னே தெரியல. வீட்ல படிச்சி காட்டுனேன், "போய் எடுங்க"ன்னு சொல்லிட்டா.

ஐயா, உங்க செட்டு இந்த வருஷம் பாரதக் கூத்து எந்த ஊர்ல ஆடுறீங்க? நான் ரெண்டு கேமரா தான் எடுத்துகினு வருவேன், எல்இடி எடுத்துகினு வர மாட்டேன். ஒண்ணு திரைக்கு கீழ, தரையோட தரையா வெச்சிக்கலாமா? சலங்க கால்ல மண்ணு தெறிக்கும், லென்ஸ்க்கு ஃபில்டர் போட்டுக்கறேன். விடியற வரைக்கும் இருப்பேன்.

ஆற்காடு_மத்தளம்:

வா நைனா. சித்திரையில பதினெட்டு நாளு பாரதம், தேதி பையன் உனக்கு தனியா அனுப்புவான். சாயங்காலமே வந்துடு, வேஷம் போடறப்ப எங்க கூட உக்காந்து சாப்டு. திரை புடிக்கறவங்க கிட்ட நான் சொல்லி வெக்கறேன், காலுகிட்ட கேமரா கீது, பாத்து நில்லுங்கன்னு.